தொட்டியில் இறங்காத முதுகு

இந்த வருஷம் தொட்டியில் இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. மாடியில், பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, என் புறாக்கள் அத்தனையையும் சாட்சியாக வைத்து எடுத்த முடிவு. ‘மேனேஜர்’ என்று நான் பெயர் வைத்திருக்கும் குண்டுப் புறா மட்டும் ஏதோ ஆட்சேபம் சொல்வதுபோலத் தொண்டையை உப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அது எல்லா விஷயத்துக்கும் அப்படித்தான். அதனால்தான் அந்தப் பெயர். மற்றவை எல்லாம் ஏகமனதாக ‘ம்ம்ம்’ என்றன. இந்த வீட்டில் நான் சொல்வதற்கு ‘ம்’ கொட்டுகிற ஜீவன்கள் அவை மட்டும்தான்.

நான் களைத்துப் போனவன். யாரிடம் இதைச் சொன்னாலும் “யார்தான் களைக்கல?” என்கிறார்கள். மற்றவர்களுடையது ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடுகிற களைப்பு. என்னுடையது கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் லேசாக ஆரம்பித்து, இப்போது நன்றாக வேர் பிடித்துவிட்ட களைப்பு. ஆபீசில் ஆறு நாள், வீட்டில் ஏழு நாள் என்று வாரத்துக்குப் பதின்மூன்று நாள் உழைக்கிறேன்.

இதற்கு நடுவில்தான் தொட்டி.

எங்கள் தெருவின் மத்தியில், பூமிக்கு அடியில், ஒரு பெரிய கல் தொட்டி இருக்கிறது. எந்தக் காலத்தில் கட்டினார்களோ தெரியாது. தெருவில் உள்ள எல்லா மொட்டை மாடிகளும் ஒரு மூலைக்குச் சரிந்திருக்கும். மாடியில் விழுகிற மழை அந்த மூலையிலிருந்து குழாய் வழியாக இறங்கி, தெரு ஓரக் கால்வாயில் சேர்ந்து, கூழாங்கல், மணல், கரி எல்லாம் போட்ட குழியில் அழுக்கை விட்டுவிட்டு, தொட்டிக்குள் போகும். உள்ளே வெயில் படாது. அதனால் அடுத்த மழைக்காலம் வரை தண்ணீர் கெடாது. குழாய்த் தண்ணீரும் வருகிறதுதான். அதில் துணி துவைக்கலாம், துணியின் மேல் உங்களுக்கு ஏதாவது கோபம் இருந்தால். குடிக்க எல்லாருக்கும் தொட்டித் தண்ணீர்தான்.

முதல் மழையை உள்ளே விட மாட்டோம். அது மாடிகளைக் கழுவுகிற மழை. கால்வாய் முனையில் இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று சாக்கடைக்கு, ஒன்று தொட்டிக்கு. துணி சுற்றிய மரக்கட்டையால் தொட்டி வாயை அடைத்து வைத்திருப்பார்கள். முதல் மழை ஓடிய பிறகு கட்டையைப் பிடுங்கிச் சாக்கடை வாயில் அடைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

என் ஆட்சேபம் எல்லாம் ‘இறங்கு நாள்’ மீதுதான். கோடை முடிகிற சமயத்தில், தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும், மிச்சத்தைப் பீப்பாய்களில் இறைத்து வைத்துவிட்டு, வீட்டுக்கு ஒருவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். அடியில் சேர்ந்த சேற்றை வாரிக் கூடையில் கொடுக்க வேண்டும். சுவரை நாரால் தேய்க்க வேண்டும். போன வருஷம் எனக்குக் கிடைத்தது ஆழமான மூலை. முழங்கால் அளவு சேறு. குனிந்தவன் நிமிர்ந்தபோது தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் என் மேல் சேற்று வாடை. ஆபீசில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த ஒன்றுதான் லாபம்.

அப்புறம் ஏன் இத்தனை வருஷம் இறங்கினேன்? புறாக்களுக்காக.

எங்கள் தெருவில் ஒரு சட்டம். ஒரு வீட்டு மாடியில் எதையும் மாற்ற வேண்டுமென்றால் அந்த வீட்டுச் சம்மதம் வேண்டும். இறங்கு நாள் பேச்சில் வாய் திறக்கவும் அந்தச் சம்மதத்தைச் சொல்லவும் உரிமை, அந்த வருஷம் அந்த வீட்டுக்காகத் தொட்டியில் இறங்கியவருக்கு மட்டும்தான். இறங்கு நாள் வேலை முடிந்ததும் எல்லாரும் தொட்டி வாயைச் சுற்றி உட்கார்ந்து பேசுவோம். வருஷா வருஷம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் எழுந்து நிற்பார்.

“சார் வீட்டு மாடில புறா இருக்கு. புறான்னா சும்மா இருக்குமா? அது போடுறதெல்லாம் நம்ம தொட்டிக்குத்தான் வருது. நேத்து என் பேஷண்ட் வாய் கொப்பளிக்கிறார், பல்லு இடுக்குல இறகு!”

“அது அவர் சாப்பிட்ட கோழியோட இறகா இருக்கும்” என்பேன்.

“புறாக்கூண்டை எடுக்கணும். சம்மதமா?”

“சம்மதம் இல்லை.”

அவ்வளவுதான். விஷயம் அடுத்த இறங்கு நாளுக்குப் போய்விடும். என் வாழ்க்கையில் ‘இல்லை’ என்று நான் சொல்லி, அது ‘இல்லை’யாகவே இருக்கிற ஒரே இடம் அந்தத் தொட்டி வாய்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வருஷம் ஒருமுறை சேற்றில் புரண்டேன்.

டாக்டரை விடுங்கள். என் மனைவியும் அவர் கட்சிதான். குடிதண்ணீரை மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, மறுபடி வடிகட்டி, என் முன்னால் ‘டங்’ என்று வைப்பாள்.

“குடிங்க. உங்க மேனேஜர் குளிச்ச தண்ணி.”

“அது பாவம், வாயில்லாத ஜீவன்.”

“நானும்தான் வாயில்லாத ஜீவன். எனக்கு என்னைக்காவது கூண்டு கட்டிக் குடுத்தீங்களா?”

மாடிக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த மாடி இல்லாவிட்டால் நான் என்றைக்கோ சாமியாராகப் போயிருப்பேன். சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தால், ஒன்று தோளில் உட்காரும், ஒன்று காலடியில் நடக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய சுகம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆக, இறங்கவும் கூடாது, புறாவும் போகக் கூடாது. இதுதான் சிக்கல்.

வழியைக் காட்டியவள் என் மனைவியேதான். போன வாரம் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறீங்க?”

“இல்லையே.”

“சாயுறீங்க. முதுகு கிதுகு பிடிச்சிருக்கா? இப்படி முதுகை வச்சுக்கிட்டு இந்தத் தடவை எப்படித்தான் இறங்கப் போறீங்களோ.”

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஒரு செருப்போடு அங்கேயே நின்றேன். என் மூளையில் விளக்கு எரிந்தது.

என் உத்தியோகத்தைச் சொல்லவில்லையே. இன்ஷூரன்ஸ் கம்பெனி. விபத்தில் அடிபட்டோம் என்று வருகிறவர்கள் நிஜமாகவே அடிபட்டவர்களா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பாதிப் பேருக்கு முதுகுவலி. முதுகுவலியை எந்தப் படத்திலும் பிடிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் நான் பிடித்துவிடுவேன். நிஜ வலிக்காரன் முனக மாட்டான், எழுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பான். பொய் வலிக்காரன் எங்களிடம் முனகிவிட்டு, வெளியே பஸ் வந்தால் ஓடுவான். எல்லாவற்றையும் தாண்டி வருகிற கெட்டிக்காரனுக்கென்று கடைசியாக ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அவன் ஹாயாக உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து, ‘உங்க கேஸைத் தள்ளுபடி பண்ணியாச்சு’ என்று திடீரென்று சொல்வேன். நிஜ வலிக்காரன் உட்கார்ந்துகொண்டே திட்டுவான். பொய் வலிக்காரன் எழுந்து நின்று திட்டுவான்.

இந்தத் தொழில் ரகசியத்தை நான் மேலதிகாரிக்குக்கூடச் சொன்னதில்லை. மனைவியிடம் மட்டும் சாப்பிடும்போது பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை பொய் முதுகுகளைப் பார்த்தவனுக்கு ஒரு முதுகுவலி வரவழைக்கத் தெரியாதா? தெருவுக்கே தண்ணீர் கொடுக்கிற தொட்டிக்கு நான் தண்ணி காட்ட முடிவு செய்தேன்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழும்போது ஒரு நொடி யோசித்தேன். முனகவில்லை. மனைவி பார்த்தாள்.

“வலிக்குதா?”

“ஒண்ணுமில்ல” என்றேன். நிஜ வலிக்காரன் அப்படித்தான் சொல்வான்.

“ஐயோ, அப்போ ரொம்ப வலிக்குது போல” என்றாள்.

எனக்கே என் நடிப்பின் மேல் மரியாதை வந்தது. அன்றிலிருந்து தினமும் எண்ணெய் தேய்த்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். படுக்கை தேடி டீ வந்தது. காய்கறி வாங்கப் போகச் சொல்லவில்லை. இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒத்தடம் கொடுக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது.

“இந்த வருஷம் நீங்க இறங்கவே கூடாது” என்றாள் ஒருநாள், முதுகில் கையை வைத்துக்கொண்டு.

“அதெப்படி? வீட்டுக்கு ஒருத்தர் இறங்கணுமே.”

“நீங்களே ஒரு யோசனை சொல்லுங்க.”

யோசனை ரெடியாக இருந்தது. என் மைத்துனன். அவளுடைய தம்பி. ஊரின் அந்தக் கோடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் பிரியம், என் புறாக்களைக் கண்டால் அதைவிடப் பிரியம். அவன் எங்கள் வீட்டுக்காக இறங்கினால் பேசும் உரிமையும் அவனுக்கு வரும். நான் சொல்லிக் கொடுப்பதை அவன் அப்படியே சொல்வான். எனக்குச் சேறும் இல்லை, புறாவுக்கு ஆபத்தும் இல்லை. இப்படி இரண்டு மாங்காய் அடிக்கிற கல் எல்லாருக்கும் கிடைக்காது.

“உன் தம்பியைக் கூப்பிடலாமே” என்றேன், இப்போதுதான் தோன்றியது மாதிரி.

“அட, எனக்குத் தோணவே இல்லையே!” என்றாள். “உங்க மூளையே மூளை.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எவ்வளவு பெரிய எச்சரிக்கை அது! கவனிக்காமல் விட்டேன்.

மைத்துனனுக்கு நானே போன் செய்தேன். “பேச்சு வரும்போது ‘சம்மதம் இல்லை’ன்னு ரெண்டே வார்த்தை. சொல்லுவியா?”

“மாமா, நீங்க சொன்னா நான் ஒரு வார்த்தைலயே சொல்லுவேன்” என்றான்.

இன்னொன்றும் நடந்தது. அந்த வாரம் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர்தான் இந்த வருஷம் தொட்டிப் பொறுப்பு. இறங்கு நாளில் யார் எந்த மூலை, எப்போது பேச்சு என்பதெல்லாம் அவர் கையில். நான் மெதுவாகப் படியேறி, வாயைத் திறப்பதற்குள், “முதுகு இன்னும் சரியாகலையா சார்?” என்றார். அந்த ‘இன்னும்’ எங்கேயோ லேசாக உறுத்தியது. என் நடை அவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். தைலம் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இறங்கு நாள் வந்தது. வானம் காலையிலேயே மூட்டமாக இருந்தது. என் திட்டம் படுக்கையில் படுத்தபடியே ஜெயிப்பது. அவள் விடவில்லை.

“உள்ள தனியா படுத்திருந்தா யாரு பாத்துக்கிறது? தொட்டிப் பக்கமா வந்து உக்காருங்க. காத்தாடவும் இருக்கும்.”

மாடியிலிருந்து என் பிரம்பு நாற்காலியே வந்தது. முதுகுக்கு ஒரு தலையணை. கையில் டீ. தெரு முழுக்கக் கூடை, நார், கயிறு என்று அலைந்துகொண்டிருக்க, நான் மட்டும் கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“வலி எப்படி சார்?”

“ஒண்ணுமில்ல டாக்டர்.”

“பாவம்” என்று சொல்லி, வாயெல்லாம் பல்லாகப் போனார்.

எல்லாரும் காலைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். மைத்துனனைக் காணோம். மனைவியின் போன் அடித்தது. பேசினாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“தம்பிதான். கடைல அவசர வேலையாம். வர முடியாதாம்.”

“சைக்கிள் கடைல என்ன அவசரம்? காத்து ஓடிப் போயிடுமா?”

“அவன் வரலைங்க. விடுங்க. நான் இறங்கறேன்.”

டீயைக் கீழே வைத்தேன்.

“நீயா? சேறுடி. வழுக்கும். கஷ்டம்.”

“ஏன், எதிர்வீட்டுத் தையக்காரம்மா வருஷா வருஷம் இறங்கலையா? உங்களுக்கோ முடியல. வீட்டுக்கு ஒருத்தர் இறங்காம இருந்தா மரியாதையா?”

நான் எழுந்திருக்கலாம். ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று சொல்லலாம். ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் கட்டிக் காத்த வலியை ஒரு நொடியில் எப்படி விடுவது? அதோடு, கொஞ்சம் கேவலமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: நாற்காலி நன்றாக இருந்தது.

“பாத்து இறங்கு” என்றேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். காலைக் கழுவினாள். எங்கள் வீட்டிலிருந்து அந்த வருஷம் முதல் கால் தொட்டிப் படியில் பட்டது. அது என் கால் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாக வேலை செய்தாள். ஆழமான மூலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கூடை கூடையாகச் சேறு மேலே வந்தது. ஒவ்வொரு கூடையிலும் ஒரு இறகாவது இருந்தது. ஒவ்வொரு இறகையும் தையல்காரம்மா எடுத்து, தண்ணீரில் அலசி, என் நாற்காலிக் காலடியில் வரிசையாகக் காய வைத்தார். மத்தியானத்துக்குள் என் காலடியில் அரைப் புறா சேர்ந்துவிட்டது.

வானம் மேலும் கறுத்தது. மருந்துக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

“மழை முந்திக்கும் போல இருக்கு. வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. டீ குடிக்கிற நேரத்துலயே பேச்சை முடிச்சுக்கலாம். அப்புறம் மிச்ச வேலையைப் பாக்கலாம். என்ன?”

எல்லாரும் மேலே வந்து உட்கார்ந்தார்கள். என் மனைவி முழங்கை வரை சேறோடு, நெற்றியில் ஒரு கோடு சேறோடு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குனிந்து அவள் காதில் சொன்னேன்.

“புறா பேச்சு வந்தா ‘சம்மதம் இல்லை’ன்னு சொல்லிடு. நம்ம வீட்டு கௌரவம்.”

“நீங்க ஆடாம உக்காருங்க. முதுகு” என்றாள்.

டாக்டர் எழுந்தார். வழக்கமான பேச்சு. புறா, எச்சம், இறகு, வாய் கொப்பளித்த பேஷண்ட். நான் அவரைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முதல் மழைக்கு முன்னாடி கூண்டை எடுக்கணும். அந்த வீட்டுக்காக இறங்கினவங்க சொல்லட்டும். சம்மதமா?”

“சம்மதம்” என்றாள் என் மனைவி. டீயை ஊதிக் குடித்தாள்.

“முடியாது!” என்று கத்தினேன். “அது என் புறா! என் மாடி! யாரைக் கேட்டுச் சம்மதம்? டாக்டர், உங்களுக்குப் பல்லைப் பிடுங்குறது போதாதா, என் உயிரையும் பிடுங்கணுமா? என்ன அநியாயம்யா இது!”

இன்னும் நிறையச் சொன்னேன். கையை ஆட்டிச் சொன்னேன். கட்டை விரலில் எம்பிச் சொன்னேன். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி எனக்குப் பின்னால் எங்கேயோ உருண்டு கிடந்தது. தலையணை டாக்டர் கையில் இருந்தது.

“என்னங்க,” என்றாள் என் மனைவி, மெதுவாக, “எழுந்து நின்னு திட்டுறீங்க?”

என் சொந்தச் சோதனை. சாப்பாட்டு நேரத்தில் நானே சொல்லிக் கொடுத்தது.

“குணமாயிடுச்சுப்பா!” என்று டாக்டர் கை தட்டினார். “அதிர்ச்சி வைத்தியம்னு இதைத்தான் சொல்றது.”

“நல்லதாப் போச்சு” என்றார் மருந்துக்கடைக்காரர். “ஆழ மூலைல இன்னும் பாதி பாக்கி இருக்கு சார்.”

அந்த நிலைமையிலும் என் மூளை வேலை செய்தது. இறங்கியவருக்குத்தானே பேச்சு? நானும் இறங்கிவிட்டால்? நானும்தானே இந்த வீட்டுக்காக இறங்கியவன்? மழைக்கு முன்னால் இன்னொரு முறை பேச்சை எடுத்து, இல்லை என்று சொல்லிவிட்டால்? மேனேஜரின் முகம் கண் முன்னால் வந்தது. சட்டையைக் கழற்றினேன்.

“நான் இறங்குறேன்” என்றேன்.

என் மனைவி எழுந்து நாற்காலியை நிமிர்த்தினாள். டாக்டரிடமிருந்து தலையணையை வாங்கினாள். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“பாத்து இறங்குங்க” என்றாள்.

அன்று நான் உழைத்தது போல என் ஆயுளில் உழைத்ததில்லை. ஒவ்வொரு கூடை சேற்றையும் ஒரு புறாவின் உயிராக நினைத்து வாரினேன். சுவரைத் தேய்த்த தேய்ப்பில் கல் வெள்ளையாகிவிட்டது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தவர்கள் ‘முதுகுவலிக்காரர் மாதிரியே இல்லையே’ என்று பேசிக்கொண்டது கேட்டது. மூச்சு வாங்கியது. விடவில்லை. கடைசிக் கூடையை நானே தலையில் வைத்துக்கொண்டு படியேறினேன்.

“புறா விஷயத்தை மறுபடி எடுங்க” என்றேன், சேறு சொட்டச் சொட்ட. “நானும் இறங்கியிருக்கேன். எனக்கும் பேச்சு உண்டு. சம்மதம் இல்லை!”

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த நொடிக்காக அவர் வருஷக்கணக்கில் காத்திருந்திருக்க வேண்டும்.

“சாருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வருஷம் காலைல என் வீட்டுக்காகக் கம்பவுண்டர் இறங்கினான். மத்தியானத்துக்கு மேல நானே இறங்கினேன், பேசுறதுக்காக. அப்போ ஒருத்தர் எழுந்து நின்னு வாதாடினார். ‘வீட்டுக்கு யார் முதல்ல இறங்கினாங்களோ அவங்களுக்குத்தான் அந்த வருஷம் பேச்சு. இல்லன்னா கடைசி நேரத்துல ஆளாளுக்குக் கட்டை விரலை நனைச்சுட்டுப் பேச வந்துடுவாங்க’ன்னு. அருமையான வாதம். எல்லாரும் கை தட்டினாங்க. அன்னைலருந்து அதுதான் சட்டம். வாதாடினது யாருன்னு சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் புறாக்களைக் காப்பாற்ற நான் கொண்டு வந்த சட்டம் அது; அவசரத்தில் எனக்கே மறந்துவிட்டது. அன்றைக்கு எனக்குக் கை தட்டிய அதே ஆட்கள்தான் இன்றைக்கும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இன்றைக்கும் கை தட்டினார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெரு முனையில் சைக்கிள் மணி கேட்டது. மைத்துனன். கடையில் அவசர வேலை இருந்தவன். சைக்கிளின் பின்னால் புத்தம் புதிய பெரிய கூண்டு, கம்பி வலையோடு, பச்சைப் பெயிண்டோடு. பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு நாளில் காய்கிற பெயிண்ட் இல்லை.

“மாமா, என் கடைக்குப் பின்னால வச்சுக்கறேன். எங்க பக்கம் குழாய்த் தண்ணிதான், மழைத் தண்ணி பிடிக்கிறதில்ல. ஒரு தொந்தரவும் வராது. கூண்டு நல்லா வந்திருக்கா? அக்கா சொன்ன அளவுதான்” என்றான். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாடிக்குப் போனோம். ஒவ்வொன்றாக நானே பிடித்துக் கொடுத்தேன். கை கூசியது. மேனேஜர் கடைசி. கூண்டுக்குள் போனதும் தொண்டையை உப்பிக்கொண்டு மற்றவற்றை அதட்ட ஆரம்பித்துவிட்டது. புது ஆபீஸ் அதற்குப் பிடித்துப்போனது போலத் தெரிந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வாங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வாங்க. நான் கூப்பிட மாட்டேன்” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மறைக்கவில்லை.

சைக்கிள் போனதும் அவள் விளக்குமாற்றை எடுத்து மாடியைப் பெருக்கினாள். பெருக்கி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டி, எல்லா மாடிகளையும் கழுவிக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. கொஞ்சம் விட்டு மறுபடி பிடித்தபோது, கீழே மருந்துக்கடைக்காரர் குடையோடு ஓடி வந்து கட்டையைப் பிடுங்கி மாற்றி அடைத்தார். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஜன்னல்களில் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி கீழே போய், தொட்டி வாயில் ஒரு டம்ளர் பிடித்து என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். வடிகட்டவில்லை. கொதிக்க வைக்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அந்தத் தண்ணீர். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதுதான் கொடுமை.

டம்ளரை வைக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை.

முனகல் வரவில்லை. ஒரு நொடி யோசித்தேன். இரண்டு நொடி யோசித்தேன். அப்படியே வில்லாக வளைந்து நடந்து போய்க் கட்டிலில் விழுந்தேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“இப்போ நிஜமாவே வலிக்குதுடி” என்றேன் தலையணைக்குள்.

“அப்பாடா!” என்றாள். “உங்களுக்கு முதுகுவலின்னு ரெண்டு மாசமா தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன். எங்க என்னைப் பொய்க்காரி ஆக்கிடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்.”